நாவன்மை மட்டும் போதுமா?

"வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும்" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. அரசியலில் இது எவ்வளவு தூரம் பலிக்கிறது? பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு நடந்த பொதுத் தேர்தலை வைத்து இதைச் சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன். யார் வெல்வார் என்று கடைசி நாள் வரை சொல்ல முடியாத தேர்தல் அது. அந்நாட்டின் கட்சித் தலைவர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் நின்று முதன்முதலாக வாதிட்டது அத்தேர்தலில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் முதல் கூட்டணி அரசு அங்கே பிறந்ததும் அத்தேர்தலில்தான்.

அமெரிக்காவில் 1960இலேயே கென்னடியும் நிக்ஸனும் தொலைக்காட்சியில் மோதினார்கள். பாராளுமன்றங்களின் தாய் என்று நாம் பாடத்தில் படிக்கும் பிரிட்டனுக்கோ இன்னும் ஐம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1979இல் பிரதமர் காலகன் விவாதத்துக்கு இசைந்தார். எதிர்க்கட்சித் தலைவியான திருமதி தாட்சர் மறுத்துவிட்டார். வெற்றி தன் பக்கம் சாய்ந்திருக்கும்போது யார்தான் வலியச் சென்று பரீட்சை எழுதுவார்? 2010இல் எந்தக் கட்சிக்கும் அந்த நிம்மதி இல்லை. ஆகவே தொழிற்கட்சியின் கோர்டன் பிரவுன், கன்சர்வேட்டிவ் கட்சியின் டேவிட் காமரூன், லிபரல் டெமாக்ரட் கட்சியின் நிக் கிளெக் ஆகிய மூவரும் ஒப்புக்கொண்டனர். ஏப்ரல் 15, 22, 29 ஆகிய நாட்களில் மான்செஸ்டர், பிரிஸ்டல், பர்மிங்ஹாம் நகரங்களில் மூன்று விவாதங்கள் நடந்தன.

இவற்றுக்காக வகுக்கப்பட்ட விதிகள் மொத்தம் 76! ஒவ்வொரு தலைவருக்கும் தொடக்க உரைக்கு ஒரு நிமிடம். பதிலுக்கு ஒரு நிமிடம். சபையினர் இடையில் கைதட்டக் கூடாது. இதைப் படித்தபோது நம் பள்ளிப் பேச்சுப் போட்டிதான் என் நினைவுக்கு வந்தது. அங்கும் மணி அடித்தால் நிறுத்த வேண்டும். உச்சரிப்பு, பாவனை, தடுமாற்றமின்மை ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. மேடையில் சொன்னதை மறுநாள் செய்தோமா என்று எந்த நடுவரும் கேட்பதில்லை.

முதல் விவாதத்தை ஏறக்குறைய 94 லட்சம் பேர் பார்த்தனர். அதுவரை மூன்றாம் இடத்துக் கட்சியின் தலைவர் என்று மட்டுமே அறியப்பட்டிருந்த கிளெக், காமிராவை நேராகப் பார்த்துப் பேசினார். கேள்வி கேட்டவர்களின் பெயர்களை நினைவில் வைத்துச் சொன்னார். பிரதமர் பிரவுனோ "நிக் சொல்வதை ஏற்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டிருக்க, நடுவில் நின்ற இளைஞர் புதியவராகவும் நேர்மையானவராகவும் தெரிந்தார். சில கருத்துக் கணிப்புகள் அவர் கட்சியை முதலிடத்துக்கே கொண்டுபோயின. ஒன்றரை மணி நேரப் பேச்சு செய்த மாயம் அது!

ஆனால் மே 6ஆம் தேதி பெட்டியில் விழுந்தது வேறு கணக்கு. அவர் கட்சிக்குக் கிடைத்த வாக்குகள் நூற்றுக்கு 23. முந்தைய தேர்தலைவிட ஒரு விழுக்காடு அதிகம், அவ்வளவே. இடங்களோ 62இலிருந்து 57ஆகக் குறைந்தன. நம் நாட்டு மக்களவைத் தேர்தலிலும் இதே முறைதான்: ஒரு தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவர் வென்றார், நாடெங்கும் பரவிக் கிடக்கும் இரண்டாம் இடங்களுக்கு மதிப்பில்லை. தொலைக்காட்சி நாடு முழுவதற்கும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. வாக்குச் சீட்டோ 650 தொகுதிகளாகப் பிரிந்து எண்ணப்படுகிறது.

எனினும் கிளெக் தோற்றுப்போனார் என்று சொல்லிவிட முடியாது. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 306 இடங்கள், தொழிற்கட்சிக்கு 258. பெரும்பான்மைக்குத் தேவை 326. கூட்டிப் பாருங்கள்: 258உடன் 57ஐச் சேர்த்தால் 315தான், 306உடன் சேர்த்தால் 363. யாருடன் சேர்வது என்பதைக் கொள்கையைவிடக் கூட்டல் கணக்கே பெரிதும் தீர்மானித்தது எனலாம். ஐந்து நாள் பேச்சுவார்த்தைக்குப் பின் மே 11இல் பிரவுன் விலகினார்; காமரூன் பிரதமரானார்; கிளெக் துணைப் பிரதமரானார்.

கூட்டணி என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு வேறு காட்சி தோன்றும். தமிழ்நாட்டில் தேர்தலுக்கு முன்பே கட்சிகள் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு, தலைவர்கள் ஒரே மேடையில் கைகோத்து நிற்பார்கள். சரியோ தவறோ, யார் யாருடன் இருக்கிறார் என்று வாக்காளருக்குத் தெரியும். பிரிட்டனில் அப்படியில்லை. அங்கே மூவரும் தனித்தனியே நின்று வாதிட்டார்கள். பேரம் பிறகு, மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. என் மனத்தை உறுத்துவது இந்த இடைவெளிதான்.

கல்லூரிக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். கட்டண உயர்வு எதையும் எதிர்த்து வாக்களிப்போம் என்று லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் தேர்தலுக்கு முன் மாணவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தனர். கிளெக்கும் கையொப்பமிட்டவர். அவரை நம்பி வாக்களித்தவர்களில் மாணவர் ஏராளம். கூட்டணி ஒப்பந்தத்தில் அந்த வாக்குறுதி, "விரும்பினால் வாக்களிக்காமல் ஒதுங்கி இருக்கலாம்" என்று சுருங்கிவிட்டது. 2010 டிசம்பர் 9இல், இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுக் கட்டண உச்சவரம்பை 3,290 பவுனிலிருந்து 9,000 பவுனாக உயர்த்தும் தீர்மானம் வந்தது. அக்கட்சியினர் 21 பேர் சொன்ன சொல் தவறாமல் எதிர்த்தார்கள், கிளெக் ஆதரித்தார். தீர்மானம் 21 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

கல்லூரிப் படிப்பை எண்ணிக் கனவு காணும் வயதில் இருக்கும் நமக்கு இதன் வலி புரியாமல் போகுமா? கட்டணத்தை உடனே கட்ட வேண்டியதில்லை, வேலைக்குப் போனபின் கடனாகத் திருப்பலாம் என்றார்கள். இருக்கட்டும். கொடுத்த வாக்கு அதுவல்லவே.

கிளெக்கின் பக்கத்திலும் நியாயம் உண்டு. 363 பேரில் 57 பேராக இருப்பவர் எல்லாவற்றையும் சாதிக்க முடியாது. ஏழைக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி, குறைந்த வருமானக்காரருக்கு வருமான வரி விலக்கு போன்றவற்றை அவர் கட்சி வற்புறுத்திப் பெற்றது. தேர்தல் முறையை மாற்றலாமா என்று மக்களைக் கேட்கும் வாக்கெடுப்பையும் பெற்றது. 2011இல் மக்கள் வேண்டாம் என்றுவிட்டது வேறு கதை. விட்டுக்கொடுக்காமல் கூட்டுக் குடித்தனம் நடக்காது என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்கட்சியின் தேர்தல் அறிக்கையின் அட்டையிலேயே நான்கு முக்கியக் கொள்கைகள் அச்சிடப்பட்டிருந்தன. பேரம் பேசும்போது அந்த நான்கையும்தான் அவர்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். கல்லூரிக் கட்டணம் அந்த நான்கில் இல்லை! அப்படியானால் வாக்குறுதிகளில் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இருந்திருக்கின்றன. கையொப்பமிட்ட தாளோடு படம் எடுத்துக்கொண்டபோது, இது இரண்டாம் வகுப்பு வாக்குறுதி என்று மாணவர்களிடம் யார் சொன்னார்கள்? 2012இல் கிளெக் வருத்தம் தெரிவித்தார். அந்தப் பேச்சை யாரோ பாட்டாக்கினார்கள். அவரும் அனுமதி தந்தார். வருமானம் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனது. நல்ல காரியந்தான். ஆனால் 2015 தேர்தலில் அவர் கட்சிக்கு எட்டே இடங்கள் மிஞ்சின.

அந்த 2015இல் விவாத மேடையில் ஏழு தலைவர்கள் நின்றார்கள். அவர்களில் மூவர் பெண்கள் என்பதை நம் பத்திரிகையில் குறிப்பிடாமல் விடலாமா? இம்முறை "யாருடன் சேர்வீர்கள்?" என்ற கேள்வி உரக்கவே எழுந்தது. ஆனால் அது பூச்சாண்டி காட்டும் ஆயுதமாகிவிட்டது. ஸ்காட்லாந்துத் தேசியக் கட்சியின் சட்டைப் பைக்குள் தொழிற்கட்சித் தலைவர் மிலிபண்ட் உட்கார்ந்திருப்பதுபோல் கன்சர்வேட்டிவ் கட்சியினர் சுவரொட்டி அடித்தார்கள். தொங்கு சபைதான் வரும் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, அவர்கள் 330 இடங்களோடு தனித்தே வென்றார்கள். ஆகவே "யாருடன்?" என்று மட்டும் கேட்பது போதாது.

கேட்க வேண்டியது "எதை விட்டுக்கொடுப்பீர்கள்?" என்பதே. இழுபறித் தேர்தலில் தனித்து ஆள்வது நிச்சயமில்லை என்று தலைவர்களுக்கே தெரியும். 76 விதிகள் எழுதத் தெரிந்தவர்கள் 77ஆவதாக ஒன்றைச் சேர்க்கட்டும்: கூட்டணி ஏற்பட்டால் எந்த வாக்குறுதிகளைக் கைவிட மாட்டார், எவற்றைப் பேசித் தீர்ப்பார் என்று ஒவ்வொரு தலைவரும் காமிராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சொன்னால் பேரம் கெட்டுவிடும் என்பார்கள். நான்கை அட்டையிலேயே அச்சிட்ட கட்சி அதே நான்கையும் காட்டி ஆட்சியில் இடம் பிடித்ததே. பேரம் கெட்டதாகத் தெரியவில்லை. மற்றவற்றைப் பற்றியும் அதே போல் சொல்லியிருந்தால், அந்த மாணவர்கள் தெரிந்தே வாக்களித்திருப்பார்கள், அல்லது தெரிந்தே மறுத்திருப்பார்கள்.