கழுத்தில் சொடக்கு எடுத்தால் தலைவலி தீருமா?

''புல்லுக்கட்டு சுமந்து வந்தால் பின்கழுத்தில் ஆரம்பிக்கும் வலி, நெற்றிவரை ஏறுகிறது. தினமும் மாத்திரைதான். கழுத்தில் சொடக்கு எடுத்தால் சரியாகும் என்கிறார்கள். எடுக்கலாமா?''

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

கழுத்தின் மேல்மூட்டுகளில் உள்ள கோளாறு, தலையில் வலியாகத் தெரிவது உண்டு. பெரும்பாலும் ஒரு பக்கமே வலிக்கும். கழுத்தைத் திருப்பினால் கூடும். இந்த வகை வலிக்கு, கையால் செய்யும் மூட்டுச் சிகிச்சை ஓரளவு பலன் தரும். 1895-ம் ஆண்டு அமெரிக்காவில் பால்மர் என்பவர் தொடங்கிய 'கைரோபிராக்டிக்' அப்படிப்பட்ட ஒரு முறை. ஆனால், எல்லாத் தலைவலிக்கும் அது தீர்வு அல்ல.

முடிதிருத்தகத்தில் சடாரென்று கழுத்தைத் திருகுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் போகின்றன. திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான், பயிற்சி பெற்றவர் செய்தாலும் அந்த ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

தினமும் மாத்திரை போடுவதும் ஆபத்து. மாதத்துக்கு 15 நாள் அல்லது அதற்கு மேல், 3 மாதங்களைத் தாண்டி வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்.

முதலில் மருத்துவரிடம் காட்டி, எந்த வகைத் தலைவலி என்று தெரிந்துகொள்ள வேண்டும். கழுத்துக்கான பயிற்சிகளை, அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் கற்றுக்கொள்ளலாம். புல்லுக்கட்டைப் பாதியாக்கி, இரண்டு நடையாகச் சுமக்கலாம்.

திடீரென்று தாங்க முடியாத தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு... இவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.