சாதிக் குரூப்புகள் குறித்து நமது நிலைப்பாடு

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட உறுப்பினர்களின் பார்வைக்கு.

நமது வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததும், அதையொட்டி இரு பொறுப்பாளர்கள் விலகியதும் அனைவரும் அறிந்தவை. செயற்குழுவில் எல்லாவற்றிலும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. ஒத்துக்கொண்டதையும் பெரும்பான்மைக் கருத்தையும் இங்கே பதிவு செய்கிறோம்.

பொன்பரப்பியில் நடந்த வன்முறையை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவு நாள். பொன்பரப்பி அடங்கிய சிதம்பரம் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் சின்னம் பானை. அந்தப் பானையைத் தெருவில் போட்டு உடைத்ததில் கிளம்பிய தகராறு, தலித் குடியிருப்பில் புகுந்து ஓடுகளையும் வண்டிகளையும் நொறுக்குவதில் போய் நின்றது. கல்வீச்சுக் காட்சி கைபேசி கைபேசியாகப் பரவியது. அதே வாரம், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்திய ஆடியோ ஒன்று பொன்னமராவதியை 144 தடை உத்தரவில் கொண்டுபோய் நிறுத்தியது.

வீடு உடைபட்டவர் அழுவதைப் பார்த்த பிறகும் ‘முதலில் ஆரம்பித்தது யார்?’ என்று கேட்கத் தோன்றுகிறதே, அந்த மனதை வளர்த்தது யார்? பகலில் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிப்பவர்கள், இரவில் தத்தம் சாதிக் குரூப்பில் ஒருவரையொருவர் கருவறுக்கப் பேசுகிறார்கள். நேரில் சொல்லக் கூசும் வார்த்தை அங்கே கைதட்டு வாங்குகிறது. மறுத்துப் பேசுபவர் ‘இனத்துரோகி’ ஆகி, குரூப்பிலிருந்தே நீக்கப்படுகிறார். மிஞ்சுவது ஆமாம் சாமிகள். இதற்கு அரசியல் விழிப்புணர்வு என்று பெயர் வேறு!

தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய போலிக் காணொளிகளும் இப்படிக் கைபேசியில் பரவும் வெறுப்பின் வகையே. அவர்கள் வேலை செய்யும் சிமென்ட் ஆலைகள் உள்ள நம் பகுதிக்கு அது அடுத்த வீட்டுச் செய்தியல்ல.

எனவே நமது தீர்மானங்கள்:

1. கருத்துக்காகக் கைது செய்யும் புதிய சட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2015இல் நீக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எந்தப் பெயரிலும் திரும்ப வேண்டாம்.

2. உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது. ஏற்கிறோம். ஆனால் வன்முறைக்குத் தூண்டும் பதிவைப் பார்த்தும் நீக்காத அட்மின், நமது அமைப்பில் பொறுப்பு வகிக்கக் கூடாது.

3. பொறுப்பாளர்கள் சாதிக் குரூப்புகளிலிருந்து வெளியேறுவது நலம் என்று பெரும்பான்மையோர் கருதுகிறோம். இப்போதைக்குக் கட்டாயமில்லை.

4. நமது குரூப்பில் சரிபார்க்காத ஃபார்வர்டுகளுக்கு இனி இடமில்லை. அனுப்பியவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் அதே குரூப்பில் மறுப்பு வெளியிட வேண்டும்.

மூன்றாம் தீர்மானம் போதாது என்பவர்களின் எதிர்ப்பும் பதிவு செய்யப்படுகிறது. அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும்.

— செயற்குழு