நோயாளியின் நடையே குடும்பத்தின் நடையாகட்டும்

இதயநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரின் டிஸ்சார்ஜ் குறிப்பில், மாத்திரைகளின் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி எழுதுகிறோம்: ‘நாள்தோறும் நடைப்பயிற்சி செய்யவும்.’ மாத்திரைகளைத் தவறாது உட்கொள்வோரும் இந்த ஒரு வரியைப் பல வேளைகளில் கைவிட்டுவிடுகின்றனர். மறுபரிசோதனைக்கு வரும்போது காரணம் கேட்டால், விடை நோயாளியிடமிருந்து வருவதில்லை. உடன் வந்தவரிடமிருந்தே வருகிறது. “நாங்கள்தாம் வேண்டாம் என்று சொன்னோம் டாக்டர். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?”

இந்த அச்சம் அன்பிலிருந்து பிறப்பது. அதனைக் குறை கூற மாட்டோம். ஆயினும் அதன் விளைவு நன்மையானதன்று. தொடக்க நாட்களில் ஓய்வு தேவைதான். அதன் பின்னரும் கட்டிலிலும் நாற்காலியிலுமே பொழுதைக் கழிப்பவருக்குத் தசைகள் மெலிகின்றன. சிறு உழைப்பும் மூச்சு வாங்கச் செய்கிறது. மூச்சு வாங்குவதைக் கண்டு வீட்டார் மேலும் அஞ்சி மேலும் ஓய்வு தருகின்றனர். மருத்துவர் வகுத்துத் தரும் உடற்பயிற்சி, இதயநோயாளர் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதைக் குறைக்கிறது என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. ஆகவே நடை என்பது பொழுதுபோக்கு அன்று, அதுவும் மருந்தே.

அச்சத்துக்கு அடுத்த தடை இடம். நடைமேடை இல்லாத தெரு, உரசிச் செல்லும் இருசக்கர வாகனங்கள், துரத்தும் நாய்கள் ஆகியவற்றுக்கிடையே அறுபது வயதைக் கடந்தவரை நடக்கச் சொல்வது எளிதன்று. மொட்டைமாடியில் நடக்கலாமே என்பர். மாடிக்குப் படியேற வேண்டும். அங்கே தனியே சுற்றி வருவது சில நாட்களில் சலித்தும் போகும். எனவே எங்கள் கருத்து இது: நடைப்பயிற்சியை நோயாளியின் தனிக் கடமையாக விடாமல், அவ்வப்போதேனும் ஓர் ஆற்றங்கரைக்குக் குடும்பமாகச் சென்று, அவருடைய வேகத்திலேயே அனைவரும் நடக்க வேண்டும்.

திருச்சியில் வாழும் நமக்கு அதற்கென நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நகருக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் முக்கொம்பு இருக்கிறது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அவ்விடத்தில், ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில் மேலணையைக் கட்டுவித்தார். அதனை அடுத்துள்ள பூங்காவில் மரநிழலும் நீர்க்காற்றும் உண்டு. மலைப்பாதையின் ஏற்ற இறக்கம் இல்லை. பேரக்குழந்தைகளும் தாத்தா பாட்டியும் ஒன்றாக நடக்க ஏற்ற சமதரை. இதயநோயாளருக்கு இது பெரிய வசதி. ஏற்றத்தில் நடக்கையில் இதயத்தின் உழைப்பு சட்டென்று கூடும். சமதரையில் அதனை நாமே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

நாள்தோறும் முக்கொம்புக்குச் செல்வது யாருக்கும் இயலாது. அன்றாட நடைக்கு வீட்டருகே உள்ள பாதுகாப்பான வாய்க்கால் கரையோ, பூங்காவோ, கோயில் பிரகாரமோ போதும். மாதம் ஓரிரு முறை ஆற்றங்கரைக்குச் செல்வதன் பயன் வேறு. வீட்டார் தம் கண்முன்னே நோயாளி நடப்பதைக் காண்கின்றனர். எவ்வளவு நடந்தால் களைப்பு வருகிறது, எவ்வளவு ஓய்வில் தெளிகிறது என்பதை அறிகின்றனர். அவர்களுடைய அச்சம் தெளிவதற்கு எங்கள் அறிவுரையைவிட இந்தக் காட்சி மிகுதியாக உதவும்.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். குடும்பச் சுற்றுலாவில் நோயாளியைப் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக ஒரு மர நிழலில் அமர்த்திவிட்டு, மற்றவர்கள் சுற்றிப் பார்க்கச் செல்வது நம் வழக்கம். அவருக்குத் தொல்லை தரக்கூடாது என்னும் எண்ணம் நல்லதே. ஆயினும் ‘இனி நீங்கள் நடக்கத் தகுந்தவர் அல்லர்’ என்றே அவர் மனம் அதனைப் பொருள்கொள்ளும். மிக மெதுவாக நடப்பவரே அன்று குழுவின் தலைவராக இருக்கட்டும். அவர் நின்றால் அனைவரும் நிற்கட்டும்.

எவ்வளவு நடக்கலாம்? புறப்படுமுன் உங்கள் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள். சமதரையில் 6 நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்று அளக்கும் எளிய சோதனை உண்டு; உங்களுக்கு அது தேவையா என்று கேளுங்கள். தொடக்கத்தில் 5 முதல் 10 நிமிடம் போதும். பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாட்கள் என்னும் அளவை எட்டலாம். பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். நடக்கும்போது இயல்பாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டுபட்டால் வேகம் மிகுதி என்று பொருள். போன தொலைவைத் திரும்பியும் நடக்க வேண்டும் என்பதை மறவாமல், களைப்பு தோன்றுமுன்பே திரும்புங்கள்.

சில எச்சரிக்கைகள். வெயில் ஏறுமுன் நடையை முடித்துக்கொள்ளுங்கள். கோடையில் வறண்ட ஆற்றின் மணலில் இறங்க வேண்டாம்; மணலில் நடக்கச் சமதரையைவிட மிகுந்த உழைப்பு தேவை. கால் உணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளருக்குச் சுடுமணலில் கொப்புளம் எழுந்தாலும் தெரியாது. அவர்கள் மூடிய காலணியின்றி ஓரடியும் நடக்கக் கூடாது. இன்சுலின் செலுத்திக்கொள்வோர் சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருக்க வேண்டும். மேட்டூர் அணை திறந்து ஆற்றில் நீர் பெருகும் காலத்தில் கரையிலிருந்து விலகியே நடங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

நடக்கையில் நெஞ்சில் வலியோ இறுக்கமோ தோன்றினால் உடனே நின்று அமருங்கள். நாவின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தால், அமர்ந்த நிலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தில் வலி தணியாவிடில் 108 எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள். ஓய்விலும் மூச்சுத் திணறல், புதிதாகக் கால் வீக்கம், ஆறாத கால் புண் ஆகியவை உள்ளோர் ஆற்றங்கரைக்கு அல்ல, முதலில் எங்களிடமே வர வேண்டும்.

கட்டுச்சோற்றையும் மறக்க வேண்டாம். புளியோதரையும் ஊறுகாயும் வடகமும் சேர்ந்தால் ஒரு வேளையிலேயே உப்பு அளவு மீறிவிடும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே தகும். இதயம் பலவீனமானோருக்கு இது மேலும் முக்கியம். உப்புக் குறைத்த எலுமிச்சைச் சாதமும் வெள்ளரித் துண்டுகளும் போதும். வயிறு நிறைய உண்டவுடன் நடக்க வேண்டாம். நடந்த பின் உண்ணுங்கள்.

பராமரிப்போருக்கும் ஒரு சொல். இரவெல்லாம் கண்விழித்து, மாத்திரை நேரம் பார்த்து, தம் இரத்த அழுத்தத்தை அளக்கவும் மறந்து நிற்கும் மனைவியரையும் மகள்களையும் மருமகள்களையும் நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். ஆற்றங்கரை நடை அவர்களுக்கும் உரிய சிகிச்சை. அன்றைய பைகளை வேறொருவர் சுமக்கட்டும்.

ஆற்றங்கரைப் பூங்காக்களைப் பேணுவோரிடமும் வேண்டுகிறோம்: நூறு மீட்டருக்கு ஓர் இருக்கை, தொலைவு காட்டும் சிறு கல், சக்கர நாற்காலி செல்லும் சரிவுப் பாதை, தூய கழிப்பறை. அடுத்த இருக்கை எங்கே என்று தெரிந்தால் அதுவரை நடக்க நோயாளிக்குத் துணிவு வரும். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. நலிந்தவரும் வெளியே வர இவையே வழி திறக்கும்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடன் ஒரு சிறு குறிப்பையும் கொண்டு வாருங்கள்: எந்நாளில், எவ்விடத்தில், எத்தனை நிமிடம் நடந்தீர்கள், உடன் நடந்தவர் யார். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பது போலவே அதனையும் கருத்துடன் பார்ப்போம்.