85-ல நின்னா பயப்படாதீங்க, சிஸ்டர்!

நர்சிங் படிக்கிற ஃப்ரெண்டு ஒருத்தர்கூட இல்லாத பாண்டி ஸ்டூடன்ட் யாராச்சும் இருக்கீங்களா? சான்ஸே இல்லை! காலையில ஜிப்மர், கதிர்காமம் பக்கம் போற பஸ்ல ஏறிப் பாருங்க, பாதி சீட் அவங்கதான். நாம செமஸ்டருக்கு முந்தின நைட் ஜெராக்ஸ் நோட்ஸ் தேடி அலையுறப்போ, அவங்க வார்டுல நிஜ மனுஷங்களைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

அவங்கள்ல பல பேரோட கனவுக்கு ஒரு பேர் இருக்கு: என்கிளெக்ஸ். அமெரிக்காவுல பதிவு பெற்ற நர்ஸா வேலை பார்க்கணும்னா இந்தப் பரீட்சையைத் தாண்டியே ஆகணும். கனடாவோட பெரும்பாலான மாகாணங்கள் 2015-லிருந்து இதைத்தான் கேட்குது. கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினா கூடுதலா 150 டாலர். நம்ம காசுக்கு 30,000 ரூபாய் பக்கம் வருது. சர்டிபிகேட் சரிபார்ப்புச் செலவெல்லாம் தனி. 'பாஸ் பண்ணினா மறுநாளே ஃப்ளைட்'னு எந்த ஏஜென்ட்டாவது சொன்னா நம்பாதீங்க. அமெரிக்க கிரீன் கார்டுக்கு நர்ஸ்கள் நிக்கிற வரிசையில, இந்தியர்களுக்கு பத்து வருஷத்துக்கும் மேல காத்திருப்பு இருக்கு.

எங்க தெரு அக்கா ஒருத்தங்க நைட் டூட்டி பார்த்துக்கிட்டே இதுக்குப் படிக்கிறாங்க. "தம்பி, நீ கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே? அந்தக் கம்ப்யூட்டர் ஏன்டா நடுவுல டப்புனு நின்னுடுது? என்கூட வேலை பார்த்தவளுக்கு 85-வது கேள்வியோட முடிஞ்சிடுச்சு. சென்னையில எழுதிட்டு, ஈ.சி.ஆர். பஸ்ல பாண்டி வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தா"ன்னாங்க.

நல்ல கேள்வி. பதில் நம்ம ஏரியா! 1994-லிருந்து இந்தப் பரீட்சை கம்ப்யூட்டர்லதான் நடக்குது. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது. சரியா பதில் சொன்னா அடுத்த கேள்வி கஷ்டமா வரும். தப்பா சொன்னா கொஞ்சம் ஈஸியா வரும். இப்படி ஏத்தி இறக்கி, உங்க லெவல் எதுன்னு தேடிப் பிடிக்கும். அந்த லெவல்ல வர்ற கேள்விகளை நீங்க சரியா சொல்ல பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. அதனால டாப்பருக்கும் 'ஐயோ, பாதி தப்பு'ங்கிற ஃபீலிங்தான் வரும். அது தோத்ததுக்கு அடையாளம் இல்லை. மெஷின் வேலை செய்யுற விதமே அதுதான்.

குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. நீங்க பாஸ் கோட்டுக்கு மேலயா, கீழயான்னு 95 சதவிகிதம் உறுதியாத் தெரிஞ்ச உடனே கம்ப்யூட்டர் நிறுத்திடும். 85-ல நின்னா சூப்பரா எழுதியிருக்கீங்க, இல்லை ரொம்ப சொதப்பியிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு நம்பரைப் பார்த்துச் சொல்ல முடியாது. அழுதுக்கிட்டே வந்தாங்களே, அவங்க ரிசல்ட் என்ன தெரியுமா? பாஸ்!

சரி, எப்படிப் படிக்கிறது? மனப்பாடம் மட்டும் போதாது. 2023 ஏப்ரல்ல பரீட்சையை மாத்தினப்போ, ஒரே நோயாளியோட கதையைச் சொல்லி அதிலிருந்து வரிசையா ஆறு கேள்வி கேட்குற பகுதியைச் சேர்த்தாங்க. எதைக் கவனிச்சீங்க, அது எதைக் காட்டுது, முதல்ல என்ன செய்வீங்கன்னு போகும்.

ஒரு சாம்பிள் பாருங்க. உங்ககிட்ட நாலு பேர். ஒருத்தர் ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாவது நாள், வலியில கத்துறார். இன்னொருத்தருக்கு சுகர் 180, சாப்பாடு கேட்குறார். மூணாவது ஆள் டிஸ்சார்ஜ் லேட்னு சண்டை போடுறார். நாலாவது ஆஸ்துமா நோயாளி. இவ்வளவு நேரம் 'வீஸ் வீஸ்'னு சத்தமா இழுத்துக்கிட்டு இருந்தவருக்கு இப்ப சத்தமே இல்லை, ஆனா மூச்சுக்குத் திணறுறார். யார்கிட்ட முதல்ல ஓடுவீங்க?

நாலாவது ஆள்கிட்ட! சத்தம் நின்னது குணமானதால இல்லை, காத்தே உள்ளே போகலைங்கிறதால. சத்தம் போடுறவரை விட்டுட்டு சத்தமில்லாதவரைப் பார்க்கணும். இதை கைடு புக்ல அண்டர்லைன் பண்ணி வராது, வார்டுல நின்னு பழகினாத்தான் வரும்.

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இடறுற இடம் இன்னும் ரெண்டு. ஒண்ணு, மருந்துப் பேர். நம்ம பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டெரால். அட்ரினலின் எபிநெஃப்ரின். ரெண்டாவது, வேலையைப் பிரிச்சுக் கொடுக்குறது. நம்ம வார்டுல நோயாளிக்கு ஊட்டுறதும், துடைச்சு விடுறதும் பெரும்பாலும் கூட இருக்குற சொந்தக்காரங்க. அங்கே அதுக்கு உதவியாளர் இருப்பார். அவர்கிட்ட எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாதுன்னு கேட்பாங்க. நிலைமை சீரா இருக்குற நோயாளிக்கு டெம்பரேச்சர் பார்க்கச் சொல்லலாம். நோயாளியோட நிலைமையை மதிப்பிடுற வேலையைத் தள்ளிவிடக் கூடாது. அது நர்ஸோட பொறுப்பு.

அக்காவுக்கு நான் சொன்ன ஐடியா ஒண்ணுதான். டூட்டி ஆரம்பிச்சதும் பெட் லிஸ்ட்டைப் பார்த்து, 'யார் முதல்ல? ஏன்?'னு மனசுக்குள்ள ஒரு வரி சொல்லிக்கணும். டூட்டி முடியும்போது அது சரியா இருந்ததான்னு பார்க்கணும். பைசா செலவில்லாத கோச்சிங் கிளாஸ்! விசா வந்தாலும் வராட்டியும், அந்த வார்டுல மூச்சுக்குத் திணறுற ஒருத்தர்கிட்ட ஒரு நிமிஷம் முன்னாடி போய் நிப்பீங்க சிஸ்டர். அது எந்த ஊர் நோயாளியா இருந்தா என்ன?