தோஷமா? பூச்சியா? கோதுமையா?

நம் நாட்டில் ஒரு குழந்தைக்கு ஓயாத பேதி கண்டு, வயிறு முன்னால் தள்ளி, கைகால்கள் குச்சியாகிவிட்டால், அதற்குக் காரணம் சொல்ல யாருக்கும் எந்தப் படிப்பும் வேண்டியதில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பச்சையாய்ப் போனால் தோஷம் என்பார்கள். தின்றது உடம்பில் ஒட்டாவிட்டால் தொக்கம் என்பார்கள். தூக்கியவர்கள் சரியாகத் தூக்காததால் குடல் ஏறிவிட்டது என்று ஒரு கிழவி வந்து, விளக்கெண்ணெய் தடவி, குழந்தை அலற அலற வயிற்றைத் தட்டுவாள். இவ்வளவு செய்தும் தேறாவிட்டால் தலையெழுத்து ஒன்று இருக்கவே இருக்கிறது. அதற்கு மருந்துமில்லை, கேள்வியுமில்லை.

தோஷம் என்பதற்கு இவர்கள் சொல்லும் வியாக்கியானம் என்னவென்றால், வீட்டுக்குத் தூரமான பெண்ணொருத்தி குழந்தையைத் தொட்டுவிட்டாளாம், அல்லது அவள் நிழல் குழந்தைமேல் பட்டுவிட்டதாம். நிழல் பட்டால் குடல் கெடுமானால், பெற்ற தாய் மாதந்தோறும் பக்கத்திலேயே படுத்துப் பால் கொடுக்கிறாளே, உலகத்தில் ஒரு பிள்ளையாவது மிஞ்சியிருக்குமா என்று யாராவது யோசித்தார்களா? யோசிக்க மாட்டார்கள். ஏனென்றால் இந்தத் தோஷத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பழியைத் தூக்கிப்போட வீட்டிலேயே ஒரு பெண் கிடைக்கிறாள்.

நிற்க. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் சங்கதியைச் சொல்லுகிறோம். இதில் வைதீகர்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் ஒரு சூடு இருக்கிறது.

நமது தோழர் ஒருவர் ரயில்வே வேலையாகப் பல வருஷங்கள் பஞ்சாப் பக்கம் இருந்தவர். அவருடைய பெண் அங்கேயே பிறந்து, பல் முளைத்த நாள் முதல் சப்பாத்தி தின்று வளர்ந்தவள். குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது குழந்தைக்கு வயது 6; பார்த்தால் 4 என்றுகூடச் சொல்ல முடியாது. முகம் வெளுத்து, மூன்று நாளைக்கொரு தரம் பேதி. தோழரின் தாயார் உடனே கண்டுபிடித்துவிட்டார். கல்யாணமாகாத சித்தி, “அந்த மூன்று நாளில்” பிள்ளையைத் தூக்கிவிட்டாளாம். அன்று முதல் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பட்டம், “பிள்ளையைத் தின்னவந்தவள்” என்பது. தொக்கம் எடுப்பவன் வந்து குழாயை வைத்து உறிஞ்சி, ஒரு தட்டில் எதையோ துப்பிக் காட்டி, “இது போன தீபாவளிக்குத் தின்ற பட்சணம்” என்று சொல்லி ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். போன தீபாவளிக்குத் தின்றது இந்தத் தீபாவளி வரையில் வயிற்றில் கரையாமல் இருந்ததாம்! அப்படிப்பட்ட வயிறு இருந்தால் அதைக் காட்சிசாலையில் அல்லவா வைக்கவேண்டும்?

இந்தச் சமயத்தில்தான் நாம் அங்கே போனோம். “பேயுமில்லை, தோஷமுமில்லை, பூச்சிதான் இருக்கும், மலத்தைப் பரிசோதித்துப் பாருங்கள்” என்றோம். அப்படியே பார்த்தார்கள். கொக்கிப்புழுவின் முட்டைகள் இருந்தன. மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். குழந்தையின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடிற்று. நமக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். மேடைமீதே இந்தக் கதையைச் சொன்னோம். ஆனால் மூன்று மாதத்தில் குழந்தை பழையபடி ஆகிவிட்டது. “பூச்சி மறுபடி வந்துவிட்டது, மறுபடி மாத்திரை கொடுங்கள்” என்றோம். கொடுத்தார்கள். தேறவில்லை. இன்னொரு தடவையும் அப்படியே. ஆக, தோஷம் என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்த கிழவிக்கும், பூச்சி என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்த நமக்கும் என்ன வித்தியாசம்? கிழவி ஒரு தடவையும் பார்க்காமல் சொன்னார். நாம் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அதற்குமேல் பார்க்காமல் சொன்னோம்.

கொக்கிப்புழு பொய்யல்ல. வெட்டவெளியில் மலம் கழித்த ஈரமண்ணில் அதன் முட்டை பொரித்து, செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், ரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியாக விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் பல்லைப் பதித்து உட்காருகிறது. தோல் வழியாகப் போகிறது என்பதை எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியால் கண்டுபிடிக்கவில்லை. கெய்ரோவில் லூஸ் என்ற ஜெர்மானியர் 1898-ல் புழுக்குஞ்சுகள் இருந்த தண்ணீரைத் தவறித் தன் கைமேல் சிந்திக்கொண்டார். கை அரித்தது. சில வாரங்கள் கழித்துத் தன் மலத்தையே பார்த்து, அதில் முட்டைகள் இருக்கக் கண்டார். கொக்கிப்புழுவில் பெரிய ஜாதிப் புழு ஒன்றினால் ஒரு நாளைக்கு 0.15 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை ரத்தம் போகிறது. நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தென்பாகத்தில் ஏழைக் குடியானவர்களைப் பிறவிச் சோம்பேறிகள் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள்; 1909-ல் ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து ஆரம்பித்த சுகாதாரக் கமிஷன் ஊர் ஊராய்ப் பரிசோதித்தபோது, அவர்களில் ஏராளமானவர்கள் வயிற்றில் இந்தப் புழு இருக்கக் கண்டது. நம் ஊர்ப் பண்ணையாட்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிற மிராசுதாரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும்.

ஆனால் வயிற்றில் ஒரு திருடன் பிடிபட்டான் என்பதற்காக இன்னொரு திருடன் இல்லை என்றாகிவிடுமா?

அந்தக் குழந்தையைக் கடைசியில் பார்த்த டாக்டர் ஒரு பெண்மணி. அவர் கேட்ட முதல் கேள்வி, “இது என்ன சாப்பிடுகிறது?” என்பது. எல்லோரும் எவள் தொட்டாள், எங்கே போயிற்று, எதைக் கண்டு பயந்தது என்று கேட்டார்களே ஒழிய, தினம் மூன்று வேளை வயிற்றுக்குள் போவது என்ன என்று அதுவரையில் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டிலோ, குழந்தை இளைக்க இளைக்க, “சத்து” என்று கோதுமைக் கஞ்சியும் ரவைக் கஞ்சியும் அதிகமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள்!

கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக்கொண்டே போனால், மாவெல்லாம் கரைந்துபோய்க் கையில் ரப்பர் போல ஒரு பசை மிஞ்சும். அதற்குக் குளூட்டன் என்று பெயர். சிலருடைய உடம்பு, பிறவியில் வந்த ஒரு அமைப்பினால், இந்தப் பசையை விரோதியாகப் பாவித்துச் சண்டைக்குக் கிளம்புகிறது. சண்டையில் அழிவது தன் குடலேதான். சிறுகுடலின் உட்புறம் வெல்வெட்டுத் துணிபோல நுண்ணிய விரல்களால் நிறைந்திருக்கிறது. அந்த விரல்கள்தான் சத்தை உறிஞ்சுகின்றன. அவை தேய்ந்து வழுக்கையாகிவிட்டால், எவ்வளவு தின்றாலும் தின்றது சேராது. ரத்தம் குறையும், பேதியாகும், வளர்த்தி நின்றுவிடும். இதைச் சீலியாக் வியாதி என்கிறார்கள். பார்லியிலும் ரை தானியத்திலும் உள்ள பசையும் இப்படியே செய்யும்.

அரிசி தின்னும் பிரதேசத்தில் இது அபூர்வம்; ஆகவே நம் பக்கத்து டாக்டர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. 2016-ல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருடைய ரத்தத்திலும், தெற்கே ஆயிரத்திற்கு ஒருவருடைய ரத்தத்திலும் இந்த வியாதியின் அடையாளமான எதிர்ப்புப்பொருள் இருக்கக் கண்டார்கள். பிறவி அமைப்பு இரு பக்கத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வடக்கத்தியார் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை தின்றார்கள், தெற்கத்தியார் 25 கிராம். இப்போது தெற்கேயும் தெருவுக்குத் தெரு பரோட்டாக் கடை; சர்க்கரை வியாதிக்காரர் வீட்டிலெல்லாம் இரவுக்குச் சப்பாத்தி. இனிமேல் இந்த ஆயிரத்திற்கு ஒன்று எவ்வளவு நாளைக்கு அப்படியே இருக்கும் என்பது கேள்வி.

இந்த வியாதிக்குக் காரணம் கோதுமை என்று கண்டதும் ஒரு நாளில் நடந்ததல்ல. 1924-ல் நியூயார்க்கில் ஹாஸ் என்ற டாக்டர், இக்குழந்தைகளுக்கு ரொட்டியை நிறுத்தி வாழைப்பழமாகக் கொடுத்தார். குழந்தைகள் தேறின. உடனே வாழைப்பழத்திற்குப் பெருமை வந்துவிட்டது. தேற்றியது வாழைப்பழமல்ல, ரொட்டி நின்றதுதான் என்பது விளங்க வருஷக்கணக்காயிற்று. ஹாலந்து தேசத்தில் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் 1930களிலேயே கோதுமைமீது சந்தேகப்பட்டு, 1944-45 பஞ்சத்தில் ரொட்டி இல்லாமற்போன காலத்தையும் பார்த்துச் சந்தேகம் பலப்பட்டு, ஒவ்வொரு தானியமாகக் கொடுத்தும் நிறுத்தியும் அளந்து பார்த்து, 1950-ல் நூலாக வெளியிட்டார்.

இந்த இடத்தில் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பூசாரி, “நாற்பத்தெட்டு நாள் பச்சரிசிக் கஞ்சி மட்டும் கொடு, வேப்பிலை அடிக்கிறேன்” என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீலியாக் குழந்தை நிச்சயமாகத் தேறும். தேற்றியது கஞ்சி, காணிக்கை போவது வேப்பிலைக்கு! விரதம் முடிந்து, சந்தோஷத்தில் ரவைக் கேசரி கிண்டிக் கொடுத்ததும் பேதி திரும்ப வரும். அப்போது “வேண்டுதலில் குறை வைத்துவிட்டாய்” என்பான். ஜெயித்தால் சாமி, தோற்றால் நீ. ஹாஸும் தப்பான காரணம்தான் சொன்னார். ஆனால் அவரை டிக்கே மறுக்க முடிந்தது. பூசாரியை யார் மறுப்பது?

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. புழுவுக்கும் கோதுமைக்கும் உறவு வைத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். குடலில் புழு இருந்தால் உடம்பின் சண்டைக்குணம் கொஞ்சம் அடங்குகிறது, ஆகவே சீலியாக் வியாதிக்குப் புழுவே மருந்தாகலாம் என்று ஆஸ்திரேலியாவில் சிலர் எண்ணினார்கள். தாங்களாகச் சம்மதித்த 12 பேருக்கு, ஆளுக்கு 20 கொக்கிப்புழுக் குஞ்சுகளைத் தோல் வழியாக ஏற்றி, கோதுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்தார்கள். எட்டுப் பேர் கடைசிவரை தாங்கினார்கள் என்று 2014-ல் எழுதினார்கள். கைப்பேசி வைத்தியர்களுக்கு அவ்வளவு போதும். “புழு நல்லது” என்று கிளம்பிவிட்டார்கள். ஆனால் ஆராய்ச்சி செய்தவர்கள் அதோடு நிற்கவில்லை. 54 பேரைச் சேர்த்து, யாருக்குப் புழு, யாருக்கு வெறும் போலி என்று தெரியாதபடி பிரித்துப் பார்த்து, தினம் 2 கிராம் பசையைத் தொடர்ந்து தின்னும் சக்தியைப் புழு தரவில்லை என்று 2020-ல் தாங்களே அச்சுப் போட்டார்கள். எப்போதாவது கொஞ்சம் தின்றவர்களுக்கு உபாதை குறைந்ததாம், அதையும் மறைக்கவில்லை. தன் மந்திரம் பலிக்கவில்லை என்று எந்த மந்திரவாதியாவது நோட்டீஸ் போட்டதை நீங்கள் பார்த்ததுண்டா?

மூன்றாவது ஆசாமி ஒருவனும் உண்டு. ஜியார்டியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. மலம் கலந்த தண்ணீரில் வருவது. குளத்துத் தண்ணீர் தீர்த்தம் என்று பெயர் வாங்கினாலும் அதற்குப் பயப்படுவதில்லை, கொதிக்கவைத்தால்தான் சாகும். அதுவும் பேதி, உப்புசம், இளைப்பு உண்டாக்கும். சிலருக்குக் குடல் விரல்களையும் தேய்த்து, சீலியாக் போலவே வேஷம் போடும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் ஒரு வேளை அல்பெண்டசோல் மாத்திரை இதற்குப் போதாது. இதற்கு மருந்து வேறு. இதை முதலில் பார்த்தவர் ஹாலந்தில் துணிவியாபாரம் செய்த லேவன்ஹூக். காலேஜ் வாசலை மிதிக்காதவர். தானே தேய்த்த கண்ணாடியில், பேதியான தன் மலத்தை வைத்து 1681-ல் பார்த்தார். நம் ஆசாரக்காரர்கள் மலம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதை அள்ளுவதற்கு ஒரு ஜாதியை ஒதுக்கிவைத்துவிட்டு, ஸ்நானம் செய்துகொண்டிருந்தார்கள். ஆகையால்தான் அவர்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். சர்க்கார் 2015 முதல் 1 வயது முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்து வருகிறது. அதை வேண்டாமென்று சொல்லாதீர்கள். கழிப்பிடமும் செருப்பும் இல்லாவிட்டால் மாத்திரை தின்ற பிறகும் புழு திரும்ப வரும். மாத்திரைக்கும் இரும்புச்சத்துக்கும் பிறகும் ரத்தம் ஏறாவிட்டால், அதே மாத்திரையை நம்மைப்போல் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிராமல், மலத்தில் ஜியார்டியா உண்டா என்றும், ரத்தத்தில் டிடிஜி பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். யாரோ சொன்னார் என்று முன்னாடியே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் வியாதி தெரியாமல் போய்விடும். வியாதி உண்டென்று டாக்டர் உறுதிப்படுத்திய பிறகு, ஆயுள் முழுதும் ஒரு துளியும் கூடாது. சப்பாத்தி, ரவை, மைதா, சேமியா மட்டுமல்ல. ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. பாலில் கலக்கும் மால்ட் மாவிலும் பார்லி இருக்கிறது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை ஆகியவற்றில் இந்தப் பசை இல்லை. வேறு மாவோடு சேர்த்து அரைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வியாதி இல்லாதவர்கள், “குளூட்டன் இல்லாதது” என்று ஒட்டிய பொட்டலத்தை இரட்டை விலை கொடுத்து வாங்கத் தேவையேயில்லை. அது இந்தக் காலத்துத் தாயத்து.

அந்தக் குழந்தைக்கு டிடிஜி மிக அதிகமாக இருந்தது. குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். இப்போது கேழ்வரகுக் களியும் சோறும் தின்று, இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூட வரிசையில் நடுப்பெஞ்சுக்கு வந்துவிட்டாள். சித்தியை மட்டும் பாட்டி இன்னும் அந்த மூன்று நாளும் திண்ணையில்தான் உட்காரவைக்கிறார். அந்த வீட்டில் நமக்கு இன்னும் வேலையிருக்கிறது.

தொக்கம் எடுக்கும் பேர்வழிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் யாராவது பொதுக்கூட்ட மேடைக்கு வந்து, முதலில் வாயைத் திறந்து காட்டி, நாம் கொடுக்கும் தண்ணீரால் கொப்பளித்து, நாம் கொடுக்கும் குழாயை வைத்து, எங்களில் ஒருவர் வயிற்றிலிருந்து ஒரு துளி தொக்கம் எடுத்துக் காட்டட்டும். போகவரச் செலவை நாமே கொடுக்கிறோம்.