கிராமத்தாருக்கு இது போதுமா?



செக் நாட்டின் மொராவியப் பகுதியில், பிர்னோ நகரத்துக்கு மேற்கே, கிராலிட்சே என்றொரு சிற்றூர் உள்ளது. அருகே ஓடும் ஓஸ்லாவா ஆற்றின் பெயரோடு சேர்த்தே அவ்வூரை அழைப்பர். குடிமக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆயினும் செக் மொழியின் புகழ்பெற்ற வேதாகமம் இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

'சகோதரர் ஐக்கியம்' என்னும் திருச்சபை 15ஆம் நூற்றாண்டில் குன்வால்ட் என்ற மற்றொரு கிராமத்தில் பிறந்தது. அதன் முதல் விசுவாசிகளுள் பெரும்பாலோர் குடியானவரும் கைவினைஞருமே. பொஹீமியாவில் 1508 முதல் அச்சபைக்குச் சட்டத் தடை இருந்தது. மொராவியாவில் சில பிரபுக்கள் அதற்கு நிழலளித்தனர். அவ்வாறே 1578இல் அதன் அச்சகம் கிராலிட்சே ஊரின் சிறு கோட்டைக்குள் மறைவாக இடம்பெற்றது.

கல்வி எளிய விசுவாசத்தைக் கெடுத்துவிடும் என அச்சபைக்குள்ளேயே சிலர் அஞ்சினர். யான் பிளாஹோஸ்லாவ் அதை மறுத்து எழுதினார். 1564இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து செக் மொழியில் தந்தார். அவருக்குப் பின் வந்த அறிஞர்கள் எபிரெய மூலத்தை ஆராய்ந்து, விளக்கக் குறிப்புகளோடு முழு வேதாகமத்தையும் ஆறு பகுதிகளாக வெளியிட்டனர். முதற்பகுதி 1579இல் வந்தது. பணி நிறைவுற ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆயின.

1620இல் வெள்ளை மலைப் போரில் புராட்டஸ்தாந்தர் தோற்றனர். சபை சிதறியது, அச்சகம் போலந்துக்குச் சென்றது. எஞ்சியோர் வேதாகமத்தை வீடுகளில் மறைத்து வைத்து வாசித்தனர். போதகரில்லாத அக்காலத்தில் அவர்களைத் தாங்கியது அந்த உழைப்பின் கனியே. அந்த மரபின் வழிவந்த மொராவிய மிஷனரிகள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தனர். பின்னாளில் அக்கோட்டை இருந்த இடத்தை அகழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான அச்செழுத்துகள் மண்ணிலிருந்து கிடைத்தன.

இவ்வரலாறு என்னைக் கடிந்துகொள்கிறது. சிற்றூர்ச் சபைக்குச் செல்லும் ஞாயிறுகளில், "இவர்களுக்கு இது போதும்" என்றெண்ணிப் பழைய பிரசங்கக் குறிப்பையே நான் எடுத்துச் சென்றதுண்டு. அதை எளிமை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சோம்பல். எளிய சொல்லுக்குப் பின்னே நீண்ட உழைப்பு இருத்தல் வேண்டும். நெகேமியா 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: லேவியர் நியாயப்பிரமாணத்தை வாசித்ததோடு நின்றுவிடவில்லை, ஜனங்கள் விளங்கிக்கொள்ளும்படி அதன் பொருளையும் உரைத்தனர்.

நீங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராயிருக்கலாம். வீட்டு ஜெபத்தை நடத்தும் தாயாகவோ தகப்பனாகவோ இருக்கலாம். உங்கள் முன் அமர்ந்திருப்போர் ஐந்து பேரே என்றாலும் ஆயத்தமாகச் செல்லுங்கள். நாளை அவர்களுக்குப் போதகர் இல்லாமற்போகலாம். அன்று அவர்களைத் தாங்குவது இன்று நீங்கள் கொடுக்கும் ஆகாரமே.

கர்த்தர் தாமே உங்கள் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.