முத்திரை மட்டும் போதாது

திருவனந்தபுரம் வலியசாலையை ஒட்டிய சாலை பஜாரில், சீனப் பொம்மைகளும் விளக்குச் சரங்களும் பல ஆண்டுகளாக மலிவு விலையில் விற்பனையாகி வந்திருக்கின்றன. "விலை குறைவு, ஆனால் உழைக்காது" என்பதே அவற்றைப் பற்றிய பொதுவான கணிப்பு. அதே நகரின் தெற்கே, விழிஞ்ஞம் துறைமுகத்தில் கன்டெய்னர்களைத் தூக்கும் ராட்சத கிரேன்களும் சீனத் தயாரிப்புகளே. அவற்றைச் சுமந்து வந்த 'ஜென் ஹுவா 15' கப்பலுக்கு 2023 அக்டோபர் 15-ஆம் தேதி அரசு விழா எடுத்தே வரவேற்பு அளிக்கப்பட்டது.

ஒரே நாட்டின் பொருள்களைப் பற்றி ஏன் இருவேறு எண்ணம்? கிரேன் வாங்குவோர், உற்பத்தி நடக்கும்போதே ஆய்வாளர்களை அனுப்பி, எஃகையும் பற்றவைப்பையும் சோதித்த பிறகே ஏற்பது வழக்கம். பொம்மை இறக்குமதி செய்பவரோ பெரும்பாலும் விலையை மட்டுமே கேட்கிறார். கேட்ட தரம்தான் கிடைக்கும்.

சீன நிறுவனங்களுக்குத் தரம் தெரியாது என்று சொல்வதற்கில்லை. 1985-இல் ஹையர் நிறுவனத்தின் தலைவர் ஜாங் ருய்மின், பழுதான 76 குளிர்பதனப் பெட்டிகளைத் தொழிலாளர்களைக் கொண்டே சம்மட்டியால் உடைக்கச் செய்தார். அதே நாட்டில்தான் 2008-இல் மெலமைன் கலந்த பால் மாவால் 6 குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அதில் முதன்மைக் குற்றவாளியான சான்லு நிறுவனம், அரசின் தரப் பரிசோதனையிலிருந்து விலக்கு பெற்றிருந்தது என்பதுதான் வேதனை. அதன் பிறகே அந்த விலக்கு முறை ரத்தானது. ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ்களை உலகிலேயே அதிகம் பெற்றிருக்கும் நாடும் சீனாதான். ஆனால் அந்தச் சான்றிதழ் நிர்வாக நடைமுறைக்கு உரியதே தவிர, பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு உரியதல்ல.

இந்தியாவும் தாமதமாகவே விழித்துக்கொண்டது. 2009 ஜனவரியில் சீனப் பொம்மைகளுக்கு ஆறு மாதத் தடை விதித்து, சில வாரங்களிலேயே அதைத் தளர்த்தியது. 2019-இல் இந்தியத் தரக் கவுன்சில் சோதித்த இறக்குமதிப் பொம்மை மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. 2021 ஜனவரி 1 முதல்தான் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. வெளிநாட்டுத் தொழிற்சாலையை நேரில் ஆய்வு செய்த பிறகே உரிமம் வழங்கும் முறை இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் இருக்கிறது.

அந்த ஆய்வு ஒருமுறைச் சடங்காகிவிடக் கூடாது. கடைகளிலிருந்து மாதிரிகளை எடுத்துத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். தேறாதவற்றின் பட்டியலை மாநில மொழிகளில் வெளியிட வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்புகளுக்கும் இதே அளவுகோல்தான் பொருந்த வேண்டும். இல்லையேல், இது தரத்தின் பெயரால் கட்டப்படும் வணிகச் சுவராகவே முடியும்.

விழிஞ்ஞத்தின் கிரேனுக்குக் காட்டும் கண்டிப்பை, வலியசாலையில் ஒரு குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்கும் காட்டுவது அரசின் கடமை.